மருந்தினால் மரத்த விரல்கள்

மார்கழி மாதத்தில் விடியற்காலையில் வாசலில் கோலமிடும் பெண்களை நேயர்கள் யாவரும் கண்டிருப்பீர்கள். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மாவு இழையாக இறங்குவதற்கு எத்துணை நுட்பமான தொடு உணர்ச்சி வேண்டும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கள் தமக்கையார் தில்லியில் எங்களுடனேயே வசிப்பவர். மார்பகப் புற்றுநோய்க்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை பாக்ளிடாக்சல் என்னும் மருந்தை நரம்பூசி வழியே ஏற்றிக்கொண்டார். எட்டாவது வாரம் முதலே அவருடைய விரல் நுனிகள் மரத்துவிட்டன. அந்த ஆண்டு மார்கழியில் கோலப்பொடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் சற்றைக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார். “மாவு விழுகிறதா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது” என்றார். ஊக்கு மாட்டவும், பையிலிருந்து நாணயத்தைத் தேடி எடுக்கவும், பூத்தொடுக்கவும் இயலாமற் போயிற்று. காலில் செருப்பு இருக்கிறதா என்பதைக் குனிந்து பார்த்தே அறிந்தார்.

இஃது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. நரம்பைத் தாக்கக்கூடிய புற்றுநோய் மருந்துகளைப் பெற்றவர்களைப் பற்றிய 31 ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி 2014-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளிவந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றிய கணக்கு அது. சிகிச்சை முடிந்த முதல் மாதத்தில் நூற்றுக்கு 68 பேரிடமும், மூன்றாவது மாதத்தில் 60 பேரிடமும், ஆறு மாதங்களுக்குப் பின்னரும் 30 பேரிடமும் இக்கோளாறு காணப்பட்டது. நோய் நீங்கியும் மருந்தின் வடு நீங்காமல் வாழ்கிறவர்கள் பலர் என்பது இதனால் விளங்கும்.

இம்மருந்துகளின் பிறப்பே சுவையானது. நம் ஊர்களில் நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் வழங்கும் செடியை யார்தாம் அறியார்? மடகாஸ்கர் தீவிலிருந்து உலகெங்கும் பரவிய அச்செடியிலிருந்து கிடைத்த வின்கிறிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. இரத்தப் புற்றுநோயுற்ற எத்தனையோ குழந்தைகளை அது பிழைக்க வைத்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் இச்செடியை மருந்துக்காகப் பயிர் செய்வோர் உண்டு. பாக்ளிடாக்சலோ பசிபிக் கடற்கரைக் காடுகளில் வளரும் யூ மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. 1962-இல் சேகரித்த பட்டையிலிருந்து மன்ரோ வால், மன்சுக் வாணி என்னும் இருவர் அதைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பை 1971-இல் வெளியிட்டார்கள். மூன்றாவது வகை பிளாட்டின உலோகத்தைக் கொண்டது. பார்னெட் ரோசன்பர்க் மின்சாரத்தின் விளைவை ஆராயப் புகுந்து, பிளாட்டினத் தகடுகளுக்கிடையே வைத்த பாக்டீரியாக்கள் பிரிந்து பெருகாமல் நீண்டுகொண்டே போனதைக் கண்டார். 1965-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியின் பயனே 1978-இல் அனுமதி பெற்ற சிஸ்பிளாட்டின். ஒரு செடி, ஒரு மரம், ஓர் உலோகம் என மூன்றுக்கும் மூலம் வேறு. ஆயினும் மூன்றும் நரம்பைத் தாக்குகின்றன.

ஏன் தாக்க வேண்டும்? புற்றுநோய் அணுக்கள் ஓயாது பிளவுபட்டுப் பெருகுபவை. பாக்ளிடாக்சல் அவற்றின் உள்ளே உள்ள மிக நுண்ணிய குழாய்களை இறுகப் பிணித்துவிடுகிறது என்பதை 1979-இல் சூசன் ஹார்விட்ஸ் என்னும் அம்மையார் எடுத்துக்காட்டினார். குழாய்கள் கலைந்து மீண்டும் கூடினாலன்றி அணு இரண்டாகப் பிரிய முடியாது. நரம்பணுக்கள் அவ்வாறு பிரிவதில்லை. ஆயினும் அவற்றுக்கு அதே குழாய்கள் வேறொரு காரியத்துக்கு வேண்டியிருக்கின்றன. தொடு உணர்ச்சியைத் தரும் நரம்பணுக்கள் முதுகெலும்பின் இருமருங்கிலும் சிறு முடிச்சுகளாக உள்ளன. மூளையைக் காக்கும் அரண் இம்முடிச்சுகளுக்கு இல்லையாகையால், இரத்தத்தில் வரும் மருந்து எளிதில் உட்புகுகிறது. இடுப்பருகே உள்ள ஒரு முடிச்சிலிருந்து கால்விரல் வரை ஓர் அணுவின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது. அந்த இழையின் கோடிக்கு வேண்டிய பொருள்களெல்லாம் அக்குழாய்களின் வழியே அனுப்பப்பட்டாக வேண்டும். வாய்க்காலில் நீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல் அன்றோ? அதே முறையில் கால்விரல்களும் அடுத்துக் கைவிரல்களும் முதலில் மரக்கின்றன. டாக்டர்கள் இதைக் காலுறை, கையுறை அணிந்த இடத்தில் வரும் நோய் என்பார்கள்.

இனி, இன்றைய பொருளின் நடுப்பகுதிக்கு வருவோம். நரம்பணுவுக்கு ஆற்றலைச் சமைத்துத் தரும் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகளையும் இம்மருந்துகள் கெடுக்கின்றன. கெட்ட அடுப்பிலிருந்து தீப்பொறி பறப்பதுபோல், கெட்டுப்போன மைட்டோகாண்டிரியாவிலிருந்து அடங்காத தன்மை வாய்ந்த ஆக்ஸிஜன் கூறுகள் வெளிப்பட்டு, அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கின்றன. இரும்பு துருப்பிடிப்பதும் எண்ணெய் சிக்குப்பிடிப்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த மாற்றங்களே. அப்பொறியைத் தன்மேல் தாங்கிக்கொண்டு பிறவற்றைக் காக்கும் பொருள்களை ஆண்டி-ஆக்ஸிடண்ட் என்கிறோம். ‘ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்’ என்பது கலைச்சொல் அகராதியினர் வகுத்த சொல். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எங்களுக்கு அச்சொல்லிடம் ஒரு சிறு மனக்குறை உண்டு. ‘தடுப்பான்’ என்றவுடன் படிப்பவர் மனத்தில் ஒரு காவற்காரன் வந்து நின்றுவிடுகிறான். காவற்காரன் நின்றால் களவு நடவாது என்றுதானே எவரும் நினைப்பார்? பொருளின் பெயரே அதன் பயனை வாக்களித்துவிடுகிறது.

வாக்கு மெய்யாயிற்றா? வைட்டமின் ஈ-யை எடுத்துக்கொள்வோம். அது உடலில் மிகவும் குறைந்துபோனாலே நரம்பு கெடும். சிஸ்பிளாட்டின் பெற்று நரம்பு கெட்டவர்களின் இரத்தத்தில் அது குறைந்திருந்ததையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். ஆகவே கொடுத்துப் பார்ப்பது நியாயமாகவே தோன்றியது. இத்தாலியில் நடந்து 2003-இல் வெளிவந்த ஒரு சோதனையில், வைட்டமின் பெற்றவர்களுள் நூற்றுக்கு 31 பேர் வீதமும், பெறாதவர்களுள் 86 பேர் வீதமும் நரம்புக் கோளாறு கண்டது. இதைக் கேட்டவுடன் மனம் துள்ளுகிறது. ஆனால் சோதனையில் சேர்ந்தவர்கள் 47 பேர். இறுதிவரை நின்று கணக்கில் வந்தவர்கள் 27 பேர். அமெரிக்காவில் இதையே விரிவாக்கி, 207 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு மெய்யான மாத்திரையும் மற்றப் பாதிப் பேருக்கு அதே தோற்றமுள்ள வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். எவர் எதை உண்கிறார் என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. 2011-இல் முடிவு வந்தது. குறிப்பிடத்தக்க நரம்புக் கோளாறு வைட்டமின் உண்டவர்களில் நூற்றுக்கு 34 பேருக்கும், வெறும் மாத்திரை உண்டவர்களில் 29 பேருக்கும் கண்டது. அதாவது வேறுபாடு இல்லை என்றே பொருள்.

இங்கே எங்கள் குற்றம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்துக்காக, நோயாளிகளுக்கான சிறு பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கினோம். மூலத்தில், இத்தகைய சத்துகள் சிறிய சோதனைகளில் நரம்பைக் காத்ததாகச் சொல்லப்பட்டிருக்கிறது, பெரிய சோதனைகளில் அது உறுதிப்படவில்லை என்ற பொருளில் ஒரு நீண்ட வாக்கியம் இருந்தது. தமிழில் அது முண்டும் முடிச்சுமாக வந்தது. ஓட்டம் கெடுகிறதே என்று, ‘இச்சத்துகள் நரம்பைக் காக்க உதவுகின்றன’ என்று சுருக்கிவிட்டோம். வாக்கியம் நன்றாக ஓடியது; ஒருவரும் குறை சொல்லவில்லை. தமக்கையாரின் சிகிச்சைக் காலத்தில், அன்புள்ள உறவினர் ஒருவர் ஒரு புட்டி மாத்திரையோடு அப்பிரசுரத்தையும் எடுத்துக்கொண்டு வந்தார். “சர்க்கார் புத்தகத்திலேயே போட்டிருக்கிறதே” என்று அவர் விரல் வைத்துக் காட்டிய வரி, நாங்கள் எழுதிய வரி!

அந்தப் புட்டியில் இருந்தது அசிட்டைல்-எல்-கார்னிட்டின். ஆல்ஃபா லிப்போயிக் அமிலம், வைட்டமின் பி-12 இனம் ஆகியவற்றோடு இதைச் சேர்த்து ‘நரம்புச் சத்து’ என்ற பெயரில் நம் கடைகளில் தாராளமாக விற்கிறார்கள். இவற்றுள் லிப்போயிக் அமிலத்தைச் சோதித்ததன் முடிவு 2014-இல் வெளிவந்தது. சேர்ந்த 243 பேரில் 70 பேரே இறுதிவரை மாத்திரை உண்டார்கள். அவர்களிடமும் பயன் காணவில்லை. கார்னிட்டினின் கதையோ இன்னும் கவலை தருவது. மார்பகப் புற்றுநோய்க்காக டாக்ஸேன் இன மருந்து பெற்ற 409 பெண்மணிகளிடம் அமெரிக்காவில் நடத்திய சோதனையின் முடிவு 2013-இல் வெளிவந்தது. அவர்களில் ஒரு பகுதியினர் நாளொன்றுக்கு 3 கிராம் வீதம் 24 வாரம் அதை உண்டார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் வேறுபாடில்லை. இருபத்துநான்காவது வாரத்தில் கார்னிட்டின் உண்டவர்களுக்கே நரம்புக் கோளாறு மிகுதியாக இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்தும் அந்த வேறுபாடு மறையவில்லை என்று 2018-இல் அறிவித்தார்கள். விலங்குகளிடம் நரம்பைக் காத்ததாகக் கண்ட பொருள் மனிதரிடம் கேடு விளைவித்தது.

“பயன் இல்லாவிட்டால் போகட்டும், தீங்கு இல்லையே” என்று சொல்லிப் புட்டியைத் திறப்பவர்களுக்கு இது போதும். ஆயினும் இதனினும் பெரிய ஐயம் ஒன்று டாக்டர்களுக்கு உண்டு. நரம்பை மருந்திடமிருந்து காக்கும் பொருள், புற்றையும் அதே மருந்திடமிருந்து காத்துவிட்டால்? ஆண்டி-ஆக்ஸிடண்ட் இனத்தில் சேராததாயினும், வைட்டமின் பி-6 இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கருப்பைப் பக்கத்துச் சூலகத்தில் புற்றுநோய் முற்றிய பெண்களுக்கு, சிஸ்பிளாட்டின் அடங்கிய சிகிச்சையோடு அதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். நரம்புக் கோளாறு உண்மையாகவே குறைந்தது. ஆனால் நோய் அடங்கியிருந்த காலமும் குறைந்தது. 1992-இல் வெளிவந்த முடிவு இது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையின்போது ஆண்டி-ஆக்ஸிடண்ட் மாத்திரைகள் உண்டவர்களிடம் நோய் திரும்புவது சற்று மிகுந்திருந்ததாக 2020-இல் மற்றோர் ஆராய்ச்சி கூறியது. உண்டவர்களின் தொகை சிறிதாகையால் அதை முடிந்த முடிபாகக் கொள்வதற்கில்லை. எனினும் உயிரைப் பணயம் வைத்து ஐயம் தீர்த்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? நெல்லிக்காயையும் கொய்யாவையும் கீரையையும் இதனால் விலக்க வேண்டும் என்று எவரும் கருதிவிட வேண்டாம். உணவில் உள்ள அளவு வேறு, புட்டியில் அடைத்த அளவு வேறு.

நாங்கள் அந்தப் புட்டியை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் சென்றோம். அவர் பெயரைப் படித்தவுடன் மூடிவைத்துவிட்டு, “எத்தனை உண்டார்?” என்று கேட்டார். நான்கு நாட்கள் உண்டிருந்தார். உடனே நிறுத்தச் சொன்னார். அதைவிட அவர் கடிந்துகொண்டது வேறொன்றை: மரமரப்பு தொடங்கி மூன்று வாரமாகியும் தமக்கையார் வாய்திறந்து சொல்லாமல் இருந்ததை. சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சியிருந்தார். வேளையில் தெரிவித்தால் மருந்தின் அளவைக் குறைக்கவோ, இடைவெளியைக் கூட்டவோ, வேறு மருந்துக்கு மாற்றவோ இடமுண்டு. இன்றளவும் இக்கோளாற்றை மட்டுப்படுத்த உறுதியாகத் தெரிந்த வழி இதுவே. அமெரிக்கக் கிளினிக்கல் ஆங்காலஜி சங்கம் 2014-இலும், மறுபடி 2020-இலும் இச்சான்றுகளையெல்லாம் எடைபோட்டு, தடுப்பதற்கென்று எந்த மருந்தையும் பரிந்துரைக்க இயலாது என்றும், கார்னிட்டினைத் தடுப்புக்காகக் கொடுக்கலாகாது என்றும் கூறியது. வந்துவிட்ட வலிக்கு டுலாக்ஸெடின் என்னும் மருந்து ஒன்றை மட்டும் அது ஏற்றுக்கொண்டது. அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்தே உண்ண வேண்டியது. மருந்து ஏறும்போது கைகால்களைக் குளிர்வித்தல், தேகப்பயிற்சி ஆகியவற்றைப் பற்றிய சோதனைகள் நடந்து வருகின்றன. அவற்றின் தொடக்கம் நம்பிக்கை தருவதாகவே உள்ளது. வைட்டமின் ஈ-யின் தொடக்கமும் அவ்வாறே இருந்தது.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. மரத்த காலுக்குச் சூடு தெரியாதாகையால் வெந்நீரை வேறொருவர் தொட்டுப் பார்த்தே ஊற்ற வேண்டும். இரவில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்க வேண்டும். இருட்டில் கால் தரையை அறியாது. உறங்கப் போகுமுன் பாதத்தில் காயமோ கொப்புளமோ உண்டா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்தப் பொறுப்பை எங்கள் இளைய மகள் ஏற்றுக்கொண்டாள்; பள்ளிக்கூடப் பாடத்தைவிடச் சிரத்தையாகச் செய்தாள்.

பிரசுரத்தை வெளியிட்ட அலுவலகத்துக்குத் திருத்தம் எழுதி அனுப்பினோம். அடுத்த பதிப்பில் அந்த வாக்கியம் முழு நீளத்தோடு வந்திருக்கிறது. படிக்கச் சற்றுக் கரடுமுரடாகத்தான் இருக்கிறது. தமக்கையாருக்கு, சிகிச்சை முடிந்த ஏழாவது மாதத்தில் கைவிரல்களில் உணர்ச்சி மெல்லத் திரும்பியது. கால்விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. சென்ற மார்கழியில் ஐந்து புள்ளிக் கோலம் ஒன்று போட்டார். இழைகள் சில இடங்களில் தடித்திருந்தன.