பிழை வருமுன் காத்தல்



வெள்ளம் வருமுன் கரையைப் பலப்படுத்துவது நம் கிராம வழக்கம். இவ்வழக்கத்தையே ஒரு சாஸ்திரமாக வளர்த்த பேராசிரியர் ஒருவரைப் பற்றி இன்று நாம் சிந்திப்போம்.

எட்வர்ட்ஸ் டெமிங் 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்து, வயோமிங் மாகாணத்தில் எளிய குடும்பத்தில் வளர்ந்தவர். அந்நாட்டு விவசாய இலாகாவிலும், பின்னர் குடிக்கணக்கு இலாகாவிலும் பணியாற்றினார். 1946 முதல் 1993-இல் மறையும்வரை நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வணிக நிர்வாகக் கல்லூரியில் புள்ளியியல் போதித்தார். 1950-இல், போரினால் நலிந்திருந்த ஜப்பானின் ஆலை நிர்வாகிகளுக்குப் பாடம் சொன்னார். மறு ஆண்டே அவர் பெயரால் அங்கு ஒரு பரிசு நிறுவப்பட்டது. அப்பரிசை, இந்தியாவிலேயே முதலாவதாக, 1998-இல் பெற்றது எது? நம் அம்பத்தூரை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் பிரேக் தொழிற்சாலையே!

அவர் போதனையை ஒரு விளையாட்டினால் விளக்குவார். ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலந்திருக்கும். 50 குழிகள் கொண்ட பலகையால் மணிகளை அள்ளவேண்டும். சிவப்பு மணி பழுது எனக் கொள்ளப்படும். ஒருவருக்கு 7 வரும். மற்றவருக்கு 13 வரும். முன்னவரைப் புகழ்வர், பின்னவரைக் கடிவர். அடுத்த முறை இருவர் நிலையும் தலைகீழாகலாம். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பாயிருக்கும் பெட்டியில் அள்ளும் கை என் செய்யும்? பெட்டியை நிரப்பியவரன்றோ பொறுப்பாளி!

நம் குடிநீர்த் தொட்டியை எண்ணுங்கள். ஒருநாள் குளோரின் கலவாது போனால் தொட்டி இயக்குபவரை வைவது எளிது. ஆனால் மருந்து கையிருப்பில் இருந்ததா? அளவு எழுதி ஒட்டப்பட்டிருந்ததா? அவர் விடுப்பெடுத்தால் மாற்றாள் யார்? இவற்றை ஏற்பாடு செய்யாமல் ஆளை மட்டும் மாற்றினால் பிழை மீண்டும் வரும். அதன் விலையைக் குழந்தைகளின் வயிற்றுப்போக்காக ஊர் செலுத்தும். வேண்டுமென்றே அசட்டை செய்வோரைக் கண்டிக்கலாகாது என்று நாம் கூறவில்லை. முதற்கேள்வி நம்மையே நோக்கியதாக இருக்கட்டும்.

உழவர்க்கும் இது பொருந்தும். நாற்றங்காலில் விதைக்குமுன் நூறு நெல் விதைகளை ஈரத்துணியில் முளைக்க வைத்து எண்ணுங்கள். எண்பதுக்குக் குறைந்தால், சான்று விதைக்குரிய முளைப்புத் திறன் அவற்றுக்கில்லை. அப்போதே விதையை மாற்றினால் ஒரு பருவம் தப்பும்.

இம்மாதம் முதல் ஒவ்வோர் ஊராட்சியும் ஒரு குறிப்பேடு வைக்குமாக. கைப்பம்பு, தெருவிளக்கு, குழாய் எது பழுதானாலும் நாளும் காரணமும் அதில் எழுதப்படட்டும். ஆறு மாதம் கழித்து அதைப் புரட்டினால், எங்கே பிழை பிறக்கிறது என்பது நமக்கே விளங்கும்.