வற்றிய கிணறுகளையும் கணக்கில் சேர்ப்போம்
(மாநாட்டுத் தலைமை உரை)



இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்க அழைத்ததை என் வாழ்நாள் பேறாகக் கருதுகிறேன். கூடவே மனத்தில் சிறு அச்சமும் உண்டு. சுற்றுப்பாதைக் கணிதத்திலும் கோளச் சார்புகளிலும் ஊறியவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். நானோ நிலத்தடி நீர் ஆய்விலிருந்து இந்தத் துறைக்குள் வந்தவன். ஆகவே என் பேச்சு கிணற்றுப் பக்கமே சாயும். பொறுத்தருள வேண்டுகிறேன்.

செயற்கைக்கோள் வழி ஈர்ப்புப் புல அளவீட்டின் வளர்ச்சியும் வாய்ப்பும் என்பது மாநாட்டின் பொருள். வளர்ச்சியை உங்களுக்கு நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 2000இல் சாம்ப் செயற்கைக்கோள், 2002 மார்ச் 17இல் கிரேஸ் இரட்டைக் கோள்கள், 2009இல் கோசே, 2018 மே 22இல் கிரேஸின் வாரிசு. ஏறத்தாழ 220 கிலோமீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாகச் செல்லும் இரு கிரேஸ் கோள்களின் இடைத்தூரம் மைக்ரான் அளவுக்குக் கூடிக் குறைவதை வைத்து, பூமியில் எடை எங்கே சேர்ந்தது, எங்கே குறைந்தது என்று மாதந்தோறும் சொல்ல முடிகிறது. 2009இல் ரோடெல், வெலிகோனா, ஃபாமிலியெட்டி மூவரும் ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா நிலத்தடியிலிருந்து ஆறே ஆண்டுகளில் 109 கன கிலோமீட்டர் நீர் போய்விட்டது என்று காட்டினார்கள். அந்த முடிவில் எனக்கு ஐயமில்லை. அங்கே வண்டல் ஆழமானது, பரப்பு பெரியது, நீர் இறங்கியதும் ஒரே போக்கில்.

என் வழக்கு தெற்கைப் பற்றியது.

2017இல் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் அசோகாவும் குழுவினரும் எழுதிய கட்டுரையை இங்கே பலர் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள். 2002 முதல் 2013 வரை தென்னிந்திய நிலத்தடி நீர் ஆண்டுக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் வரை கூடியது என்கிறது அது. உழைத்து எழுதிய கட்டுரை; மழைக்கும் நீரிருப்புக்கும் உள்ள உறவை அது தெளிவாக்கியதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் பிய்த்தெடுத்து, தெற்கு மீண்டுவிட்டது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோமே, அதைத்தான் மறுக்கிறேன்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் கடினப் பாறை. பாறையின் சிதைந்த மேலடுக்கில் நீர் தங்கும் இடம் நூற்றுக்கு 1 முதல் 3 பங்குதான். 2 என்றே கொள்வோம். அப்படியானால் 1 சென்டிமீட்டர் நீர் சேர, கிணற்றில் மட்டம் அரை மீட்டர் ஏற வேண்டும். 2 சென்டிமீட்டருக்கு 1 மீட்டர். ஆண்டுதோறும் இப்படி ஏறினால் 11 ஆண்டுகளில் ஐந்தரை முதல் 11 மீட்டர் வரை ஏறியிருக்க வேண்டும். நாமக்கல்லிலோ தருமபுரியிலோ கோவைக்குக் கிழக்கேயோ அப்படி நீர் ஏறிய காலமா அது? அந்த ஆண்டுகளில்தானே அங்கே போர் போடும் வண்டிகள் ஆயிரம் அடியைத் தாண்டிப் போயின!

அப்படியென்றால் செயற்கைக்கோள் பொய் சொல்கிறதா? இல்லவே இல்லை. அது சொல்வது மொத்த நீர். அதில் ஏரி நீர், அணை நீர், மண் ஈரம் எல்லாம் அடக்கம். இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் நிலத்தடி நீர் என்று பெயர் வைக்கிறோம். சுமார் 39,000 ஏரி கண்மாய்கள் உள்ள மாநிலத்தில், அந்த நீரைச் சரியாகக் கழிக்காமல் விட்டால் அது நிலத்தடிக் கணக்கில் போய் உட்காரும். போதாததற்கு, கிரேஸின் பார்வை ஏறத்தாழ 300 கிலோமீட்டர் அகலம் கொண்டது. நம் கரையோரத்தில் பாதிப் பார்வை கடலில் விழுகிறது.

தொடங்கிய ஆண்டையும் பாருங்கள். 2002, 2003 இரண்டும் தமிழ்நாட்டில் கடும் வறட்சி, 2005இல் பெருமழை. பள்ளத்தில் தொடங்கி நேர்கோடு இழுத்தால் கோடு மேலே போகத்தான் செய்யும். அந்தக் கட்டுரையின் காலத்துக்குப் பிறகு, கிரேஸ் பதிவின் மறுமுனையில் இருப்பதும் வறட்சிதான்: 2016இல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. அந்த நேரம் பார்த்து கிரேஸ் முதுமை எய்தியிருந்தது. மின்கலம் தளர்ந்து மாதங்கள் விடுபட்டன. 2016 இறுதிக்குள் ஒரு கோளின் முடுக்கமானியையும் நிறுத்த வேண்டியதாயிற்று. 2017 நடுவில் பதிவே நின்றது. நாம் பட்ட மிகக் கொடிய வறட்சிகளில் ஒன்று, தரவு மெலிந்த காலத்தில் போய் விழுந்தது.

கிணற்றுத் தரவும் மீட்சியைத்தானே காட்டுகிறது என்று கேட்பீர்கள். இந்தக் கேள்வியை எதிர்பார்த்தே வந்திருக்கிறேன்.

கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறார்கள். பணியாளர் நாடாவை இறக்குகிறார். மே மாதம் அது காய்ந்த அடித்தரையில் தட்டுகிறது. 'வறண்டது' என்று பதிவேட்டில் எழுதுகிறார். அது கணினிக்கு ஏறும்போது காலிக் கட்டமாகிறது. பிறகு ஆய்வாளர் வருகிறார். தொடர்ச்சியான தரவுள்ள கிணறுகள் மட்டுமே வேண்டும் என்கிறார். காலிக் கட்டம் உள்ளவற்றைக் கழித்துக்கட்டுகிறார். மிஞ்சுபவை எவை? ஏரிக்குக் கீழே ஆயக்கட்டில், வாய்க்கால் ஓரத்தில், என்றும் நீருள்ள கிணறுகள். மேட்டு நிலத்துக் கிணறுகள் வற்றிய குற்றத்துக்காகவே கணக்கிலிருந்து நீங்கிவிடுகின்றன. 2019இல் தேஜஸ்வி ஹோரா, வீணா சீனிவாசன், நந்திதா பாசு மூவரும் தென்னிந்திய மீட்சி என்பதே இத்தகைய விடுபடலால் வந்த தோற்றமாக இருக்கலாம் என்று தக்க சான்றுகளோடு எழுதினார்கள். வடக்கைப் பற்றிய கட்டுரைக்குக் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் மனக்குறை.

முன்னொரு கருத்தரங்கில் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர், செயற்கைக்கோள் வந்த பிறகு நாடாவும் கிணறும் எதற்கு என்று கேட்டார். அவருக்கு அன்போடு ஒன்று சொல்வேன். பூமியின் தட்டைத்தன்மையைக் குறிக்கும் முதன்மைக் கெழுவைக் கிரேஸால் நம்பகமாக அளக்க இயலவில்லை. அதை நீக்கிவிட்டு, லேகியோஸ் முதலிய லேசர் கோள்களிலிருந்து பெற்ற மதிப்பைத்தான் இன்றுவரை இட்டு நிரப்புகிறோம். லேகியோஸ் 1976இல் ஏறிய, 60 சென்டிமீட்டர் விட்டமும் 426 எதிரொளிப்பான்களும் கொண்ட உருண்டை. அதில் ஒரு கருவியும் இல்லை. அளப்பதெல்லாம் தரையிலுள்ள நிலையங்களே. நண்பர் வெளியிட்ட வரைபடங்களிலும் அந்தத் தரை அளவு இருக்கிறது.

எனவே இந்த அவையை மூன்று வேண்டுகோள்களோடு அணுகுகிறேன். வறண்ட கிணற்றைக் காலியாக விடாமல், 'நீர்மட்டம் இந்த ஆழத்துக்கும் கீழே' என்று பதிய வேண்டும்; எல்லைக்கு வெளியே போன அளவைக் கையாளப் புள்ளியியலில் வழி உண்டு. தெற்கைப் பற்றிய கட்டுரையை மதிப்பிடும்போது, எத்தனை கிணறுகளை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்று ஆசிரியரைக் கேளுங்கள். மூன்றாவது, மாவட்ட அலுவலகங்களில் பழைய கையெழுத்துப் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன. அவை பழைய தாள் விலைக்குப் போகுமுன் படியெடுக்க ஒரு குழுவை இந்த மாநாடு முடிவதற்குள் அமையுங்கள். அதில் முதல் ஆளாக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.