சாவி யாரிடம்?

தலைப்பைக் கேட்டதும் செல்போனை எடுத்துக் குனிந்துகொண்ட ஆண் சிங்கங்களே, நிமிர்ந்தே உட்காருங்கள். நீங்களும் குடித்து வளர்ந்ததுதான்.

ஆகஸ்ட் முதல் வாரம் வந்தால் தாய்ப்பாலுக்கு மேடை போட்டுவிடுகிறோம். சீர்காழிக் குளக்கரைக்குப் போகிறோம், அங்கே ஞானப்பால் குடித்த ஞானசம்பந்தரை அழைக்கிறோம். எனக்கு முன்னால் பேசிய கவிஞர் மூச்சுக்கு மூச்சு அமுதம் என்றார். சரி ஐயா, அந்த அமுதம் கட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மார் கல்லாகும். கை பட்டால் உயிர் போகும். காம்பு வெடித்து ரத்தம் கசியும். பசியில் பிள்ளை சிணுங்கினாலே பெற்றவளுக்கு நடுக்கம் வரும். இதை எந்தக் கவிஞராவது பாடியிருக்கிறாரா?

கைதட்டுவது எல்லாம் பெண்கள் பக்கம்தான். கேட்கிறது, கேட்கிறது!

வலிக்குதென்று அவள் வாய் திறந்தால் என்ன பதில்? "பிள்ளை பெத்தவ பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. நாங்கல்லாம் குடுக்கலையா?" மாமியார் மட்டுமல்ல, பெற்ற அம்மாவும் இதைத்தான் சொல்கிறார்.

ஒரு நர்சம்மா இருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. பேரைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார். என் மகள் பிரசவமாகி மூன்றாம் நாள் ராத்திரி, "டப்பாப் பால் வாங்கிட்டு வாம்மா, என்னால முடியல" என்று அழுகிறாள். அந்த அம்மா வந்தார். பிள்ளையின் வாயோரம் சுண்டுவிரலை விட்டுப் பிடியை விடுவித்தார். "காம்பை மட்டும் சப்பினா புண்ணாகத்தானே செய்யும் கண்ணு?" என்றார். பிள்ளையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினார். வாய் நன்றாகத் திறக்கும்வரை காத்திருந்து, காம்பைச் சுற்றிய கறுப்புப் பகுதியும் சேர்ந்து உள்ளே போகும்படி அணைத்தார். முகவாய் மாரில் அழுந்தியது. மகள் முகத்தைப் பார்த்தேன், வலி இறங்கியிருந்தது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை!

நம் பாட்டிகள் பால் வற்ற மல்லிகைப் பூவை மாரில் கட்டினார்கள். டாக்டர்களே அதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அவ்வளவு தெரிந்த அதே பாட்டிகள்தான் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, பிள்ளை வாயில் சேனைத் தண்ணீர் வைத்தார்கள். பாட்டி சொன்னதையெல்லாம் கேட்கவும் முடியாது, எல்லாவற்றையும் தள்ளவும் முடியாது. நர்சம்மா கணக்கு நேரானது: கட்டிக்கொண்டால் பிள்ளைக்குக் கொடு, முடியாவிட்டால் கையால் மெல்லப் பீய்ச்சு. காய்ச்சலும் சிவப்பும் வந்தால் டாக்டரிடம் ஓடு, ஆனால் பால் கொடுப்பதை நீயாக நிறுத்தாதே.

பம்ப் வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் மாப்பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். உறிஞ்சும் விசையை அளவுக்கு மீறிக் கூட்டினால் பால் கூடாது, வலிதான் கூடும். புனல் அளவு பொருந்தாவிட்டால் காம்பு உரசி வீங்கும்.

வீட்டில் இருப்பவள் பாடே இது. துணிக்கடையில் நிற்கிற பெண்? 2017-ல் சட்டம் திருத்தினார்கள். 26 வார விடுப்பு, 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம், நாளுக்கு நாலு முறை பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம். தாளில் எல்லாம் இருக்கிறது. அவளோ ரவிக்கை நனைந்து, கழிவறையில் நின்று பீய்ச்சி, வாஷ்பேசினில் விடுகிறாள். வீட்டில் அவள் பிள்ளைக்குப் புட்டிப்பால்!

2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 300-க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். யார் கொண்டுவந்தாலும் நல்லது நல்லதுதான். ஆனால் ஓர் ஊரில் போய்ப் பார்த்தேன். பெயர்ப்பலகை பளபளவென்று இருக்கிறது, கதவில் பூட்டு! ஜன்னல் வழியே பார்த்தால் விளக்குமாறும் சுண்ணாம்பு மூட்டையும் உட்கார்ந்திருக்கின்றன. சாவி எங்கே? டைம் கீப்பரிடம். டைம் கீப்பர் எங்கே? டீ குடிக்கப் போயிருக்கிறார். போன மாதம் பக்கத்துத் தெருவில் மேடை போட்டு, தாய்க்குலத்தின் காவலர்கள் நாங்களே என்று முழங்கினார்களே, அந்தப் புண்ணியவான்கள் கட்அவுட்டுக்குக் கொட்டிய காசில் எத்தனை நாற்காலி வாங்கிப் போட்டிருக்கலாம்! வேண்டாம், பேர் சொல்லவில்லை. நீங்கள் சிரிப்பதிலேயே தெரிகிறது.

அந்த நர்சம்மாவுக்கு நீங்கள் சால்வை போட வேண்டாம், அவர் வரவும் மாட்டார். கவுன்சிலர்கள் இங்கே இருக்கிறீர்கள். பூட்டிக் கிடக்கும் அறைகளைத் திறந்து விடுங்கள். முதுகு சாய ஒரு நாற்காலி, உள்ளே ஒரு தாழ்ப்பாள், மின்விசிறி, பம்புக்கு ஒரு பிளக் பாயிண்ட் போடுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கதவிலேயே போன் நம்பரோடு எழுதி ஒட்டுங்கள். அடுத்த ஆகஸ்டில் நானே வந்து பார்ப்பேன்.