மாரிக்கால வாசிப்பு

மாரி மழை தொடங்கும் ஒக்டோபர் மாதம் இலங்கையில் தேசிய வாசிப்பு மாதமாகும். பொது நூலகங்கள் நூற்கண்காட்சிகளையும் சிறுவர்க்கான போட்டிகளையும் அப்போது நடாத்துகின்றன.

நூல்கள் எவ்வாறு நிலைபெறுகின்றன? 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. பின்னர் கட்டடம் மீண்டும் எழுந்தது; பல கைகளிற் பரவியிருந்த அச்சுநூல்களும் திரும்பி வந்தன. ஒரே படியாயிருந்த ஏட்டுச்சுவடிகளோ மீளவில்லை.

1885 இல் சித்தி லெவ்வை எழுதிய 'அசன்பேயுடைய கதை' ஈழத்தின் முதற்றமிழ் நாவலாகக் கொள்ளப்படுவது. மறுபதிப்புகளால் அது இன்றும் வாழ்கின்றது. இம்மாரியில் வாசிக்கத்தக்க நூல் அது. அருகிலுள்ள நூலகத்திற் கேட்டுப் பார்க்கலாம். வாசகர் கேட்கும் நூலே மீண்டும் அச்சேறும். கேட்பாரற்ற நூல் அழிவதற்குத் தீ வேண்டியதில்லை.