காகிதம் படைவீரனுக்கு, தங்கம் கடன் கொடுத்தவனுக்கு

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)

அமெரிக்க டாலர் நோட்டின் பின்புறத்தை நிறைக்கும் பச்சை மை 1861ஆம் ஆண்டின் உள்நாட்டுப் போர்க்காலத்தில் வந்து சேர்ந்தது. அந்நாட்டுக் காகிதப் பணத்தின் வரலாறோ அதற்கும் 171 ஆண்டுகள் மூத்தது. அவ்வரலாற்றில் ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் எழுகிறது: போரின் செலவை யார் சுமப்பது?

1690இல் மாசசூசெட்ஸ் குடியேற்றம், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கியூபெக் மீது படையெடுத்துத் தோற்றது. கொள்ளைப் பொருளைக் கொண்டு ஊதியம் தந்துவிடலாம் என்ற கணக்கு பொய்த்தது. கருவூலத்தில் வெள்ளி இல்லை. எனவே, பிற்பாடு வரியாகச் செலுத்திக்கொள்ளலாம் என்ற உறுதியுடன் அச்சிட்ட சீட்டுகள் வீரர்களுக்கு வழங்கப்பட்டன. அன்றாடத் தேவைக்காக அவற்றை முகமதிப்பைவிடக் குறைவாக விற்கும் நிலை வீரர்களுக்கு ஏற்பட்டது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1729இல் பென்சில்வேனியாவில் காகிதப் பணத்தை ஆதரித்து ஒரு சிறுநூல் எழுதினார். பொருள்களின் மதிப்பை அளக்க உழைப்பே தக்க அளவுகோல் என்று அதில் வாதிட்டார். 1859இல் வெளிவந்த தமது அரசியல் பொருளாதார விமர்சன நூலில் மார்க்ஸ் இதனைச் சிறப்பித்துக் கூறியுள்ளார். ஃபிராங்க்ளின் அச்சகராகவும் இருந்தார். நோட்டு அச்சிடும் பணியும் அவருக்குக் கிடைத்தது. கள்ள நோட்டைத் தடுக்க, மர இலைகளை வார்ப்பெடுத்து அவற்றின் நரம்புகளை நோட்டில் பதித்தார். ஆனால் உழைப்பே அளவுகோல் எனில், நோட்டின் மதிப்பு சரியும்போது கரைந்துபோவது அதைக் கூலியாகப் பெற்றவரின் உழைப்பே. இதை எந்த இலை நரம்பாலும் தடுக்க இயலாது.

விடுதலைப் போர் இதனை மெய்ப்பித்தது. வரி விதிக்கும் அதிகாரமற்ற கண்டப் பேரவை, 1775 முதல் 1779 வரை சுமார் 24 கோடி டாலர் நோட்டுகளை வெளியிட்டது. பிரிட்டன் கள்ள நோட்டுகளைப் பரப்பிச் சரிவை விரைவுபடுத்தியது. 1781இல் அந்நோட்டு செல்லாக்காசாயிற்று. ஊதிய பாக்கிக்காக அளிக்கப்பட்ட சான்றிதழ்களை வீரர்கள் ஊக வணிகர்களிடம் அற்ப விலைக்கு விற்றனர். 1790இல் நிதிச் செயலாளர் ஹாமில்டன், அச்சான்றிதழ்களை அப்போது வைத்திருந்தோருக்கு முகமதிப்பின் அடிப்படையில் புதிய கடன் பத்திரங்கள் வழங்க வழிசெய்தார். முதலில் பெற்ற வீரர்களுக்கும் பங்கு வேண்டும் என்ற மேடிசனின் கோரிக்கை தோற்றது. பழைய நோட்டுகளுக்கோ 100 டாலருக்கு ஒரு டாலரே கணக்கிடப்பட்டது.

உள்நாட்டுப் போரில் இவ்வேறுபாடு சட்டத்திலேயே எழுதப்பட்டது. 1862 பிப்ரவரி 25ஆம் நாள் நிறைவேறிய சட்டம், பச்சை நோட்டுகளை எல்லாக் கடன்களுக்கும் செல்லும் பணமாக்கியது. விலக்குகள் இரண்டே: இறக்குமதி வரியும், அரசின் கடன் பத்திர வட்டியும். வரி தங்கமாக வசூலிக்கப்பட்டு, வட்டி தங்கமாகவே வழங்கப்பட்டது. வங்கியாளருக்கு ஒரு பணம், மக்களுக்கு வேறொரு பணமா என்று தேடியஸ் ஸ்டீவன்ஸ் கண்டித்தார், பயனில்லை. 1864 கோடையில் பச்சை டாலரின் மதிப்பு தங்கத்தில் 40 சென்ட்டுக்கும் கீழே இறங்கியது. தாள் தாளாக அச்சாகி வந்த நோட்டுகளைக் கருவூலத்தில் கத்தரிக்கோலால் வெட்டிப் பிரித்த பெண்களுக்கு, ஆண் எழுத்தர்களைவிடக் குறைந்த ஊதியமே கொடுக்கப்பட்டது.

அடிமை முறையை வீழ்த்திய போருக்கு அக்காகிதமே துணைநின்றது என்பதையும் மறத்தலாகாது. எதிரணியான தென்மாநிலங்களின் 1862ஆம் ஆண்டு 100 டாலர் நோட்டில், பருத்தி வயலில் மண்வெட்டும் அடிமைகளின் படமே பொறிக்கப்பட்டிருந்தது. வரலாற்றில் அந்த நோட்டு தோற்றது நன்று. ஆனால் வென்ற நோட்டின் ஆதாயம் யாருக்குச் சென்றது?

1869ஆம் ஆண்டுச் சட்டம், கடன் பத்திரங்களின் அசலையும் தங்கமாகத் தர உறுதியளித்தது. மதிப்பிழந்த காகிதத்தைக் கொடுத்துப் பத்திரம் வாங்கியோர் தங்கம் பெற்றனர். 1879 முதல் பச்சை நோட்டும் தங்கத்தோடு பிணைக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் விளைபொருள்களின் விலை வீழ்ந்தது; உழவரின் கடன் சுமை ஏறியது. அக்கொதிப்பிலிருந்து பிறந்த பச்சை நோட்டுக் கட்சி, 1878 தேர்தலில் சுமார் 10 லட்சம் வாக்குகளைப் பெற்றது. உழவரின் கோபம் நியாயமானது. எனினும், கூடுதல் காகிதம் அச்சிட்டால் சுரண்டல் தீரும் என அவர்கள் நம்பினர். சொத்துடைமை கைமாறாமல் நோட்டு மட்டும் பெருகுவதால் சுரண்டல் ஒழியாது.

1971 ஆகஸ்ட் 15ஆம் நாள் இக்கேள்வி உலகளாவியதாயிற்று. ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்ற வீதத்தில் பிற நாட்டு அரசுகளுக்குத் தங்கம் தரும் கடப்பாட்டை அதிபர் நிக்சன் ஒருதலையாக நிறுத்தினார். வியட்நாம் போர்ச் செலவும் சேர்ந்து பெருகிய டாலர்கள் அப்போது பல நாடுகளின் மத்திய வங்கிகளில் குவிந்திருந்தன. கியூபெக்கிலிருந்து திரும்பிய வீரர்கள் அன்று சுமந்த இழப்பில், இப்போது பிற நாட்டு மக்களும் பங்காளிகளாக்கப்பட்டனர்.

தோழர்களே! நோட்டில் எந்தத் தலைவரின் முகம் இருக்கிறது என்பதைக் குழந்தையும் சொல்லிவிடும். அதை வெளியிட்ட அரசு யாருக்குத் தங்கம் தந்தது, யாருக்குக் காகிதம் தந்தது என்று கேட்கக் கற்றுக்கொடுப்பதே கட்சிக் கல்வியின் வேலை.