பாய் அளவுக்குக் கதவு



நம் திருநெல்வேலி வட்டாரத்தில் சுவரலமாரி இல்லாத வீடு குறைவு. சுவரில் கடப்பாக் கல்லையோ சிமெண்டுப் பலகையையோ தட்டுத் தட்டாகப் பதித்துவிடுவோம். கதவு போடுவதற்குள் கையிருப்பு கரைந்துவிடும். பழைய சேலை ஒன்றைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டுச் சமாளிப்போம். கையில் காசு புரள்கிறபோது பி.வி.சி. கதவு வரும். ஐப்பசி அடைமழையில் அதைத் திறந்து பாருங்கள், மடித்து வைத்த பட்டுச்சேலையிலும் புழுக்க வாடைதான்.

மரச்சட்டத்துக்குள் கோரைப்பாயை இழுத்துக் கட்டி அறைத் தடுப்பாக நிறுத்துவது நமக்குப் புதிதல்ல. அதையே அலமாரிக்குக் கதவாக்கினால் என்ன?

ஜப்பானியர்கள் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டில் மடிப்புத் திரையும் அலமாரியின் தள்ளுகதவும் ஏறக்குறைய ஒரே முறையில் செய்யப்படுபவை: உள்ளே மெல்லிய மரச்சட்டகம், அதன்மேல் அடுக்கடுக்காகக் காகிதம். அதனால் கதவைக் கழற்றித் திரையாக்குவதும், திரையைப் பிரித்துக் கதவாக்குவதும் அங்கே பழைய பழக்கம். கதவுதானே என்று இளக்காரமாக நினைக்கவும் முடியாது. கானோ சான்செட்சு என்ற ஓவியர் 1646இல் கியோட்டோ கோயில் ஒன்றின் தள்ளுகதவுகளில் தீட்டிய முதிய பிளம் மரம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காகிதம் ஒட்டும் வேலையில் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. உள்ளடுக்குக் காகிதங்களில் சிலவற்றை முழுக்கப் பசை தடவி ஒட்டமாட்டார்கள். ஓரத்தில் மட்டும் ஒட்டுவார்கள். ஈரத்தில் விரியவும் வெயிலில் சுருங்கவும் காகிதத்துக்கு இடம் வேண்டுமல்லவா?

நமக்குக் காகிதம் எதற்கு, பாய்க்குப் பேர்போன பத்தமடை பக்கத்தில் இருக்கிறது. சேரன்மகாதேவியைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் அறுத்த கோரையைக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, அது உப்பிய பிறகு மறுபடி காயவைத்து நாராகக் கிழிக்கிறார்கள். பருத்தி நூல் பாவு, கோரை ஊடை. லெப்பை குடும்பத்துப் பெண்களின் கைவேலை பெரும்பாலும். சாதாரணப் பாயைவிட நூறு, நூற்றிருபது கவுண்ட் நெருக்கத்தில் நெய்யும் பட்டுப்பாய் என்கிற மெல்லிய பாய்க்கு நாள் அதிகம் பிடிக்கும், விலையும் அதற்கேற்றபடி. 1953இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டுக்கு இந்த ஊர்ப் பாய் போனதாகப் பெருமையாகச் சொல்வார்கள். புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனால் பெண்ணும் மாப்பிள்ளையும் பேர் போட்டு நெய்து வாங்கிய கல்யாணப் பாய் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் பரணில், துணியில் சுற்றிய நிலையில். கட்டில் வந்த வீட்டில் பாய்க்கு வேறென்ன வேலை?

அதற்காக அந்தப் பாயை இறக்கி ஆசாரியிடம் கொடுத்துவிடாதீர்கள். பாயை வெட்டுவது துணியை வெட்டுவது போலல்ல. நெடுக வெட்டினால் ஓரத்துப் பாவு நூல் பிடிமானம் இல்லாமல் கோரை நுனியைவிட்டு நழுவும். குறுக்கே வெட்டினால் நூல் தளர்ந்து கோரை ஒவ்வொன்றாக உதிரும். வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால், வெட்டும் இடத்தின் இரு பக்கமும் முதலில் நாடா வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் கத்திரி வையுங்கள். பேர் நெய்த பாய்க்கு இதுவும் வேண்டாம். பேரில் பாதி ஒரு கதவிலும் மீதி இன்னொரு கதவிலும் நின்றால் நன்றாகவா இருக்கும்?

ப்ளைவுட்டில் பசை தடவி அதன்மேல் பாயை ஒட்டுகிறவர்களும் உண்டு. பார்க்க அழகுதான், ஆனால் இதில் எனக்கு உடன்பாடில்லை. காற்று போக வேண்டும் என்பதற்காகத்தானே பாய்க்கு வந்தோம்? பின்னால் பலகை அடைத்தால் அதுவும் பி.வி.சி. கதவின் தம்பிதான். ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சையும் பிடிக்கும். மெல்லிய தேக்குச் சட்டம், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், ஜப்பானியர் காகிதத்தை ஓரத்தில் மட்டும் ஒட்டுவதுபோல, பாயின் நாலு ஓரத்தையும் பீடிங் கட்டை வைத்து ஆணியடித்துப் பிடித்தால் போதும். பாவு நூல் மேலிருந்து கீழாக வரட்டும். பாரத்தை நூல் தாங்கிக்கொள்ளும், கோரை படுக்கையாக நிற்கும். கனம் குறைவு என்பதால் சின்னக் கீலே தாங்கும். கதவுகளை இரண்டு இரண்டாகக் கீல் போட்டு இணைத்து மடிப்புக் கதவாகவும் செய்யலாம். கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஓராள் நிற்கிற இடமே உள்ள அறைக்கு அதுதான் தோது. வெயில் நேராக அடிக்கும் சுவர் என்றால் சாயப்பாய் வேண்டாம், வெளுத்துவிடும். வீட்டில் பூனை இருந்தால் கீழ்ப்பாதிக்குப் பலகையே போடுங்கள்!

ஜப்பானில் அறையின் அளவையே பாய்க்கணக்கில்தான் சொல்வார்கள்: ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்று. அந்தப் பாயின் மேல்விரிப்பும் கோரையைப் போன்ற ஒரு தாவரத்தில் நெய்ததுதான். பாயை வைத்து வீட்டை அளக்கிறார்கள். நாமோ கதவுச்சட்டத்தை அடித்துவிட்டு அதற்குப் பாயை வெட்டுகிறோம். வேலையின் வரிசையை மாற்றினால் பாதித் தொல்லை தீரும். ஆசாரியைக் கூப்பிடும் முன்பே அலமாரியின் அகலத்தையும் உயரத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு பத்தமடைக்குப் போங்கள். அந்த அகலத்துக்கே ஓரம் கட்டி நெய்து தரச் சொல்லுங்கள். நெய்கிறவருக்கு வேலை, உங்களுக்கு வெட்டாத பாய். பாய் கைக்கு வந்த பிறகு அதை அளந்து சட்டம் அடிக்கச் சொல்லுங்கள்.