கட்டிய பிறகு கூடும் வலி

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மழை நாளில் மேட்டு நிரையிலிருந்து காண்டா வாளியோடு இறங்கும்போது வழுக்கி விழுந்து கை ஒடிவது நமக்குப் புதிதல்ல. ஒடிந்த எலும்பு பெரும்பாலும் கூடிவிடும். அதற்குப் பிறகு நாம் செய்யும் தவறுதான் ஆளை முடமாக்குகிறது.

நம் தோட்டத்தில் நடந்ததையே சொல்கிறோம். பால்மரம் வெட்டும் தோழர் ஒருவருக்கு முன்கை முறிந்தது. மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டினார்கள். இராத்திரி முழுதும் துடித்தார். "கட்டுப் பிடிக்கிறது, பொறுத்துக்கொள்" என்று நாமும் சேர்ந்துதான் சொன்னோம். விடிந்தபோது விரல்கள் மரத்திருந்தன. எலும்பு கூடிற்று, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. வெட்டுக் கத்தியை அந்தக் கை இனிப் பிடிக்காது.

காரணம் என்ன? நம் தசைகள் விரிந்து கொடுக்காத உறைக்குள் இருக்கின்றன. எலும்பு முறிந்தால் உள்ளே வீங்கும். வெளியே கட்டும் இறுகினால் இரத்தம் ஓடாது. ஏறக்குறைய 6 மணி நேரத்தில் தசை சாகத் தொடங்கிவிடும். இந்த ஊனத்தை ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் 1881-லேயே எழுதி வைத்தார். ஆஸ்பத்திரி மாவுக்கட்டிலும் இது வரலாம். கட்டே இல்லாமலும் வரலாம்.

அடையாளங்களைக் கேளுங்கள். அசையாமல் வைத்தும் வலி ஏறிக்கொண்டே போகும். விரலை மெல்ல நீட்டிவிட்டால் உயிர் போகும். கை கல்லாக இறுகும், ஊசி குத்தும், மரத்துப்போகும். நாடி துடிக்கிறதே என்று ஏமாறாதீர்கள். சிம்புக் கட்டைத் தோல் தெரிய அவிழ்த்துவிடுங்கள். மாவுக்கட்டானால் அதை வெட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தேவையானால் அங்கே உறையைக் கீறி அழுத்தத்தை இறக்குவார்கள்.

எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடுங்கள். கிருமி எலும்பில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம். மருந்து ஊசியும் இசிவுத் தடுப்பு ஊசியும் உடனே வேண்டும். கட்டோடு இருக்கையில் சுருட்டையும் சிகரெட்டையும் விட்டுவிடுங்கள். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். டாக்டர் சொன்னபடி விரல்களை அசைத்து வாருங்கள்.

கடைசியாக ஒன்று. வேலையில் அடிபட்டால் அதை அன்றே எழுத வேண்டும். 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், நிர்வாகம் விபத்தை அறிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது. 2019 முதல் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. அந்தப் பாரத்தை எழுதும் கிராணிகளாகிய நாம் நாளைக்கு என்று தள்ளலாகாது.

வலி கூடுகிறது என்று ஒருவர் சொன்னால் நம்புவோம். ஒரு கைதான் ஒரு குடும்பத்தின் அடுப்பு.